ஸ்கோர் 6 வந்தா வாழ்க்கை முடிஞ்சிருச்சா? பென்னாகரம் பக்கத்து தம்பிக்கு ஒரு பதில்

வந்த லெட்டர சுருக்கி, ஆள் அடையாளம் தெரியாத மாதிரி மாத்தி கீழ போட்டிருக்கேன்.

“அக்கா, எனக்கு 22 வயசு. சொந்த ஊரு பென்னாகரம் பக்கம், இப்ப ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில கான்ட்ராக்ட் வேலை, பசங்களோட ரூம் எடுத்து தங்கியிருக்கேன். அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலை, நான் சைட்ல தகர ஷெட்லதான் வளந்தேன். அப்பா தினமும் குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிப்பாரு, குறுக்க போனா எனக்கும் விழும். எனக்கு 9 வயசுல என்னையும் 3 வயசு தங்கச்சியையும் ஆயா (அப்பாவோட அம்மா) வீட்ல கொண்டு வந்து விட்டுட்டு போயிட்டாங்க, ஆயாதான் புளி தட்டி வித்து எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சாங்க. இப்ப சூப்பர்வைசர் சத்தமா பேசுனாலே கை நடுங்குது, மைண்ட் ப்ளாங்க் ஆயிடுது. ரூம்ல யாராச்சும் கதவ டமால்னு சாத்துனா தூக்கி வாரி போடுது. தூக்கம் இல்ல, சனிக்கிழமை ஒரு குவாட்டர் போட்டாதான் தூங்குறேன். போன வாரம் ஊருக்கு போனப்ப தங்கச்சிய கத்தி கை ஓங்கிட்டேன், அவ மூலைக்கு போய் உக்காந்துட்டு ‘அப்பா மாதிரியே பண்ற’ன்னு சொன்னா. ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் போட்டு பார்த்தேன், சின்ன வயசுல நடந்த கஷ்டத்துக்கு 10 கேள்வி, எனக்கு 6 வந்துச்சு, 6 வந்தா 20 வருஷம் முன்னாடியே செத்துடுவாங்கன்னு போட்டிருந்துச்சு. சில நாள் எதுக்கு இருக்கணும்னு தோணுது. ஆஸ்பத்திரிக்கு போனா பழசெல்லாம் சொல்லணுமே, அது என்னால முடியாது. ரெக்கார்டுல ஏறுனா வேலை போயிடும், தங்கச்சி கல்யாணமும் நிக்கும். அப்பாவுக்கு இப்ப சுகர், கால்ல புண்ணு, மன்னிச்சிடுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அவர மாதிரி ஆயிடுவேனா? ஆயா கிட்ட இதெல்லாம் சொல்லலாமா?”

தம்பி, நீங்க போற போக்குல எழுதுன மாதிரி ஒரு வரி எழுதியிருக்கீங்க, எதுக்கு இருக்கணும்னு தோணுதுன்னு. மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதுக்குத்தான் பதில். அந்த நினைப்பு வந்துட்டு போயிடுதா, இல்ல எப்படி எப்பன்னு யோசிக்கிற அளவுக்கு வந்துருச்சா? ரெண்டாவதுன்னா இந்த பதில முழுசா படிக்கணும்னு கூட இல்ல, ரூம்ல நம்பிக்கையான ஒரு பையன எழுப்பி விஷயத்த சொல்லிட்டு அவன் கூடவே பக்கத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க, ராத்திரி எத்தன மணி ஆனாலும் சரி, வண்டி இல்லன்னா 108. முதல் வகைன்னாலும் 14416க்கு ஒரு போன் போடுங்க, டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. ஊர்ல வீட்ல தோட்டத்துக்கு வாங்குன மருந்து மிச்சம் மீதி கெடந்தா அத பெரியப்பாவோ யாரோ ஒருத்தர் கிட்ட குடுத்து பூட்டி வைக்க சொல்லிடுங்க, இத சும்மா சொல்லல, அந்த நினைப்பு உச்சத்துல இருக்குற நேரம் பல பேருக்கு ரொம்ப கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்துல கைக்கெட்டுற தூரத்துல எதுவும் இல்லாததே நிறைய உயிர காப்பாத்தியிருக்கு. இன்னொண்ணு, நம்ம பக்கம் போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வராம விடுற குடும்பங்க இன்னும் இருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆவது பிரிவுல தெளிவா இருக்கு, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், அவங்கள தண்டிக்கக் கூடாது, சிகிச்சை குடுக்குறது அரசோட கடமை. இத உங்களுக்கு மட்டும் இல்ல, படிக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இப்ப அந்த ஸ்கோருக்கு வர்றேன். அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி பயம் போகும். அமெரிக்காவுல சான் டியாகோங்கிற ஊர்ல வின்சென்ட் ஃபெலிட்டின்னு ஒரு டாக்டர், உடம்பு எடை குறைக்கிற கிளினிக் நடத்திட்டு இருந்தாரு. நல்லா எடை குறைஞ்சிட்டு வர்றவங்களே பாதில நின்னுடுறாங்க, ஏன்னு புரியல. உக்காந்து பேசி பார்த்தா நிறைய பேருக்கு சின்ன வயசுல பெரிய கொடுமை நடந்திருக்கு. அதுக்கப்புறம் அவரும் ராபர்ட் ஆண்டாங்கிற இன்னொரு டாக்டரும் சேர்ந்து 17,000 பேருக்கு மேல சர்வே எடுத்து 1998ல முதல் கட்டுரை போட்டாங்க. 18 வயசுக்குள்ள அடி வாங்குனது, திட்டு வாங்குனது, அம்மாவ அடிக்கிறத பார்த்தது, வீட்ல குடி, அப்பா அம்மா பிரிஞ்சது இப்படி கேட்டு, எண்ணிக்கை கூடக் கூட பின்னாடி மனச்சோர்வு, குடி, சிகரெட், இதய நோய் எல்லாம் கூடுதுன்னு காட்டுனாங்க. பெரிய கண்டுபிடிப்புதான், சின்ன வயசு கொடுமைய டாக்டருங்க சீரியஸா எடுத்ததுக்கு முக்கிய காரணமே அதுதான். ஆனா அது ஒரு கூட்டத்த பத்தின கணக்கு. தனி ஆளு ஒருத்தருக்கு என்ன ஆகும்னு சொல்றதுக்கு இந்த ஸ்கோர பயன்படுத்தக் கூடாதுன்னு அந்த ராபர்ட் ஆண்டாவே 2020ல கட்டுரை எழுதியிருக்காரு. அத உருவாக்குன ஆளே சொல்றாரு தம்பி.

அந்த 20 வருஷ விஷயம் 2009ல வந்த ஒரு ஆய்வுல இருந்து எடுத்தது. சர்வேல இருந்தவங்கள்ல, அந்த ஆய்வு நடந்த வருஷங்களுக்குள்ள இறந்து போனவங்கள மட்டும் எடுத்து சராசரி பார்த்தா, ஸ்கோர் 6ம் அதுக்கு மேலயும் இருந்தவங்க சுமார் 60 வயசுலயும் ஒண்ணுமே இல்லாதவங்க 79 வயசுலயும் இறந்திருக்காங்க. உயிரோட இருந்தவங்க அந்த சராசரில வரவே இல்ல. அதனால 6 வந்த எல்லாருக்கும் ஆயுசுல 20 வருஷம் கழிச்சிடுவாங்கன்னு அதுக்கு அர்த்தமே இல்ல, அப்படி போடுற வெப்சைட்காரங்க மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வருது, ராத்திரி 2 மணிக்கு தனியா போன பார்த்துட்டு இருக்குற ஒரு பையன் இத படிப்பான்னு யோசிக்க வேணாமா. அந்த ஆயுசு குறையுறது பெரும்பாலும் குடி, சிகரெட், கவனிக்காம விட்ட மனச்சோர்வு, பிரஷர், சுகர் வழியாத்தான், இது ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் இருக்கு, இதுல பாதி இப்ப உங்க கையிலயே இருக்கு.

அந்த 10 கேள்வில என்னென்ன இல்லன்னும் பாருங்க. எத்தன வருஷம் நடந்துச்சு, எந்த வயசுல நடந்துச்சுன்னு இல்ல. 2012 நவம்பர்ல நம்ம தருமபுரி நத்தம் காலனில சாதி வன்முறைல வீடுங்க எரிஞ்சப்ப அங்க குழந்தையா இருந்தவங்களுக்கு இன்னிக்கு உங்க வயசு இருக்கும், அந்த மாதிரி கொடுமைய கேக்குறதுக்கு அதுல ஒரு கேள்வி கூட கிடையாது. அதே மாதிரி, உங்க பக்கம் யாரு இருந்தாங்கங்கிற கேள்வியும் இல்ல. ஹவாய் தீவுகள்ல கவாய்னு ஒரு தீவு, அங்க 1955ல பொறந்த 698 குழந்தைங்கள எம்மி வெர்னருங்கிற ஆய்வாளரும் அவங்க குழுவும் பல வருஷம் தொடர்ந்து கவனிச்சுட்டே வந்தாங்க. வறுமை, வீட்ல குடி, சண்டைன்னு ரொம்ப கஷ்டத்துல வளந்த குழந்தைங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்கு பேரு நல்லா தேறி வந்துட்டாங்க, மீதி பேர்லயும் நிறைய பேரு 30, 40 வயசுக்குள்ள நிமிந்துட்டாங்க. தேறினவங்க கிட்ட பொதுவா என்ன இருந்துச்சுன்னு பார்த்தா, நிலையா கூட நின்ன பெரியவங்க யாராவது ஒருத்தர் இருந்திருக்காங்க, பல பேருக்கு அது தாத்தா பாட்டி. உங்க லெட்டர்ல ஆயாவ பத்தி ரெண்டு வரிதான் இருக்கு, ஆனா புளி தட்டி வித்து ரெண்டு பேரையும் படிக்க வச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, ஸ்கோர்ல ஏறாத கணக்கு அது.

சரி, கை ஏன் நடுங்குது. சின்ன வயசுல அந்த ஷெட்ல தகர கதவு சத்தம் கேட்டா அடுத்தது அடிதான்னு உங்க உடம்பு கத்துக்கிச்சு. சத்தம் காதுல விழுந்த உடனே மூளைல பயத்துக்கு பொறுப்பான பகுதி அட்ரினலின இறக்கி விட்டுடும், நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், யோசிக்கிற மூளை கொஞ்ச நேரம் பின்னாடி போயிடும், அதத்தான் ப்ளாங்க் ஆகுதுன்னு சொல்றீங்க. ஓட முடியாத, எதுத்து நிக்க முடியாத குழந்தைக்கு உறைஞ்சு போறதுதான் மிச்சம் இருந்த ஒரே வழி, அப்ப அது உங்கள காப்பாத்துச்சு. நம்ம அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் யானைக்கு பயந்து ராகி காட்டுல பரண் கட்டி காவல் இருப்பாங்கல்ல, அறுவடை முடிஞ்சு ராகி வீட்டுக்கு வந்த பிறகும் காவலாளி பரண விட்டு இறங்காம ஒவ்வொரு சலசலப்புக்கும் கத்திட்டே இருந்தா எப்படி இருக்கும், உங்க உடம்பு இப்ப அந்த நிலைமைலதான் இருக்கு. இது கோழைத்தனம் கிடையாது, பைத்தியமும் கிடையாது.

கம்பெனில லைன்ல நிக்கும்போது இந்த நடுக்கம் வந்தா செய்ய வேண்டியது சொல்றேன். முதல்ல மெஷின்ல இருந்து ஒரு எட்டு பின்னாடி வாங்க, கை நடுங்கும்போது மெஷின் கிட்ட நிக்கக் கூடாது, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கண்ண மூடாதீங்க, யூட்யூப்ல எல்லாம் கண்ண மூடி மூச்சு விட சொல்வாங்க, உங்கள மாதிரி ஆளுங்களுக்கு கண்ண மூடுனா பழசு இன்னும் கிட்ட வரும். ரெண்டு பாதத்தையும் ஷூவுக்குள்ள தரையோட அழுத்துங்க, இரும்பு கம்பியோ பைப்போ, சூடு இல்லாத ஓடாத பாகமா பாத்து, கை வச்சு அந்த ஜில்லுன்னு இருக்குறத கவனிங்க, மூச்ச உள்ள இழுக்குறத விட வெளிய விடுறத நீளமா விடுங்க, மெழுகுவத்தி அணையாம ஊதுற மாதிரி மெதுவா. மனசுக்குள்ள இன்னிக்கு தேதி, இடம், உங்க வயசு மூணையும் சொல்லிக்குங்க. முதல் தடவை பெருசா ஒண்ணும் ஆகாது. பயம் இல்லாத நேரத்துல, பஸ்ல போகும்போது, பல்லு தேய்க்கும்போதெல்லாம் செஞ்சு பழகுனாதான் பயத்துல கை குடுக்கும்.

குவாட்டர பத்தி திட்ட மாட்டேன், தூக்கம் வராத கொடுமை எனக்கு தெரியும், ஆனா சாராயம் தூங்க வச்ச மாதிரி வச்சுட்டு ராத்திரி ரெண்டாவது பாதில தூக்கத்த கெடுத்துடும், விடியக்காலைல படபடப்போட முழிப்பு வர்றது பாதி அதனாலதான். சனிக்கிழமை மட்டும்னு இருக்கும்போதே நிறுத்துறது சுலபம், தினமும்னு ஆயிட்டா டாக்டர் உதவி இல்லாம திடீர்னு நிறுத்தவும் கூடாது, வலிப்பு வர வாய்ப்பு இருக்கு. ரூம்மேட் குடுத்தான், மெடிக்கல்ல கேட்டா தர்றாங்கன்னு தூக்க மாத்திரை எடுத்துடாதீங்க. அல்ப்ரஸோலாம் மாதிரி மாத்திரைங்க சீக்கிரம் பழக்கமாயிடும், சாராயத்தோட சேர்ந்தா மூச்சே நிக்கலாம்.

இது பி.டி.எஸ்.டி., அதாவது கொடுமை முடிஞ்ச பிறகும் அந்த பயம் மனச விடாம இருக்குற நோய்ன்னு நான் ஒரு லெட்டர பார்த்துட்டு முத்திரை குத்த மாட்டேன், நேர்ல பார்க்குற டாக்டர் சொல்லணும். ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட புது நோய்ப்பட்டியல் 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்துச்சு, அதுல காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.ன்னு தனியா ஒண்ணு இருக்கு. தப்பிக்க வழியில்லாம திரும்பத் திரும்ப நடந்த கொடுமைக்கு பிறகு வர்றது, பழைய பயத்தோட சேர்த்து கோவம் கட்டுக்குள்ள இல்லாம போறது, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணுறது, மனுஷங்க கிட்ட நெருங்க முடியாம போறதுன்னு. உங்களுக்கு நடக்குறது உலகத்துல உங்களுக்கு மட்டும் நடக்குற விசித்திரம் இல்ல, இதுக்கு வைத்தியம் பண்றவங்க இருக்காங்க.

உங்க பெரிய பயத்துக்கு வர்றேன், பழசெல்லாம் சொல்லணுமேன்னு. தம்பி, சொல்ல வேண்டியதில்ல. இந்த பதில்ல ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா அது இதுதான், முழு கதையையும் சொன்னாதான் வைத்தியம்னு ஒரு விதியும் கிடையாது. நம்ம பசங்க ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பி போறதுக்கு பெரிய காரணமே இந்த பயம்தான். ஓ.பி.ல போய் உக்காந்து “தூக்கம் வரல சார், சத்தம் கேட்டா கை நடுங்குது, கோவம் கட்டுக்குள்ள இல்ல, சில நாள் சாகலாம்னு தோணுது, இத்தன மாசமா இருக்கு, சின்ன வயசுல வீட்ல அடிதடி ஜாஸ்தி, அத பத்தி இப்ப பேச முடியல”ன்னு சொன்னா போதும். வாய்ல வரலன்னா போன்ல டைப் பண்ணி வச்சு காட்டுங்க. நல்ல டாக்டர் யாரும் அதுக்கு மேல தோண்ட மாட்டாங்க, தோண்டுனா “அப்புறம் சொல்றேன் சார்”னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. ஆரம்ப கட்டத்துல வைத்தியமே தூக்கம், படபடப்பு, பாதுகாப்பு இதத்தான் சரி பண்ணும், பழைய ஞாபகத்த தொடுற சிகிச்சை, அதுக்கு தனி பயிற்சி எடுத்தவங்க இருக்காங்க, அது பின்னாடி, உங்களுக்கு தெம்பு வந்த பிறகு, உங்க வேகத்துல.

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எங்க கிட்ட கவுன்சிலிங்குக்கு வந்துட்டு இருந்தா, அவ கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். வந்தா கதவு பக்கத்து நாற்காலிலதான் உக்காருவா, பைய மடில வச்சு ரெண்டு கையாலயும் இறுக்கி புடிச்சுப்பா, செருப்ப கூட வெளிய விட மாட்டா, எப்ப வேணா எழுந்து போற மாதிரி. ரொம்ப நாள் வரைக்கும் நாங்க தக்காளி விலையத்தான் பேசுனோம், இன்னிக்கு மண்டில பெட்டி என்ன விலைக்கு போச்சு, இந்த வருஷம் காய்ப்பு எப்படின்னு. நடுநடுல தூக்கத்துக்கு என்ன பண்ணலாம், வகுப்புல படபடப்பு வந்தா எங்க போய் நிக்கலாம்னு ஒவ்வொண்ணா கத்துக்கிட்டா. ஒரு நாள் பை கீழ நாற்காலி காலு கிட்ட இருந்துச்சு, அவளே வச்சிருக்கா, நான் ஒண்ணும் சொல்லல. வீட்ல நடந்தத அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு அவளா ஆரம்பிச்சா, அதுவும் பாதிதான். மீதிய இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. அவ இப்ப நர்சிங் படிச்சிட்டு இருக்கா.

மாத்திரை குடுத்தா பயப்படாதீங்க. மனச்சோர்வு, படபடப்புக்கு குடுக்குற செர்ட்ரலின் மாதிரி மாத்திரைங்க தூக்க மாத்திரை மாதிரி பழக்கமாகுற ரகம் இல்ல. ஆனா வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆரம்பத்துல குமட்டல், லேசான தலைவலி வரலாம், கொஞ்ச பேருக்கு முதல் சில நாள் பரபரப்பு கூட கூடலாம், அப்படி ஆனா, சாகணுங்கிற நினைப்பு கூடுனாலும், உடனே டாக்டர் கிட்ட போய் சொல்லணும். நிறைய பேரு முதல் வாரமே ஒண்ணும் ஆகலன்னு நிறுத்திடுறாங்க, நல்லா ஆன உடனேயும் தானா நிறுத்திடுறாங்க, ரெண்டும் வேணாம். நடுக்கம் படபடப்புக்கு தைராய்டு ரத்த டெஸ்டும் எழுதி குடுக்கலாம், எடுத்துடுங்க. ஊர்ல மந்திரிச்சு கயிறு கட்டுறேன்னு ஆயா சொன்னா கட்டிக்குங்க, அது அவங்க பாசம், கயிறு கட்டியாச்சு மாத்திரை எதுக்குன்னு மட்டும் யாரும் சொல்ல விடாதீங்க.

எங்க போறது? நீங்க ஓசூர்ல இருக்கீங்க, பெங்களூர் நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டுலயேதான் இருக்கு, நாட்டுலயே பெரிய மனநல மருத்துவமனைகள்ல ஒண்ணு, அங்க தமிழ் புரிஞ்சவங்களும் இருப்பாங்க. கூட்டம் ஜாஸ்தி, ஒரு நாள் முழுசா லீவு வேணும். பெங்களூர்னாலே அந்த ஷெட்டு ஞாபகம் வரும்னா அங்க போக வேணாம், கிருஷ்ணகிரில 2022 ஜனவரில கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் வந்துருச்சு, ஊருக்கு போற வழில தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, ரெண்டுலயும் மனநலப் பிரிவ கேட்டு போங்க. ஓ.பி. காலையிலதான், சீக்கிரம் போய் சீட்டு வாங்கணும். மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு இருக்கு, அந்த டீம் தாலுகா ஆஸ்பத்திரிங்களுக்கும் குறிப்பிட்ட நாள்ல வருவாங்க, எந்த நாள்னு அங்க கேட்டா சொல்வாங்க. ஒண்ண மறைக்காம சொல்லிடுறேன், கவர்மெண்ட் ஓ.பி.ல டாக்டர் உங்களுக்கு ஒதுக்குற நேரம் குறைச்சல், உங்களுக்கு பின்னாடி வரிசைல அவ்வளவு பேரு நிப்பாங்க. அதனால கெளம்பும்போதே “சைக்காலஜிஸ்ட் கிட்ட பேசணும் சார், கவுன்சிலிங்குக்கு எழுதி குடுங்க”ன்னு நீங்களே கேளுங்க, கேட்டாதான் கிடைக்கும். முதல்ல பார்த்தவர் சரியா பேசலன்னா வைத்தியமே சரியில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆள மாத்தி பாருங்க.

ரெக்கார்டு பயம். நீங்க ஜி.எச்.ல சீட்டு போட்டு பார்த்தா கம்பெனிக்கு அது தெரிய வழியே இல்ல. அதே 2017 சட்டம் 23ஆவது பிரிவுல, உங்க மனநல சிகிச்சை பத்தின தகவல ரகசியமா வச்சுக்குற உரிமை உங்களுக்கு இருக்கு, சட்டத்துல சொன்ன சில விதிவிலக்கு தவிர டாக்டர் வெளிய சொல்ல முடியாது. சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா அதுலயும் மனநல வைத்தியம் உண்டு, ஆனா கம்பெனிக்கு பேப்பர் போகுமோன்னு உங்களுக்கு பதட்டம் இருக்கறதால ஆரம்பத்துக்கு ஜி.எச்.சே இருக்கட்டும். தங்கச்சி கல்யாணம் நிக்கும்னு சொல்றீங்க, அவளுக்கு வயசு 16 தம்பி. அம்மா கூட இல்லாத பொண்ணு, சீக்கிரம் முடிச்சுடலாம்னு சொந்தக்காரங்க பேசுறாங்கன்னா அத நிறுத்துற வேலைதான் அண்ணனுக்கு இப்ப இருக்கு. 18க்கு முன்னாடி பண்ணா 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பண்ணி வச்சவங்க மேல கேஸ், குழந்தைங்க உதவி எண் 1098க்கு யாரு வேணா சொல்லலாம், சொன்னவங்க பேரு வெளிய வராது. அவ கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து படிச்சிருந்தா பிளஸ் டூ முடிச்சு காலேஜ் சேரும்போது புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும், அத வீட்ல எடுத்து சொல்லுங்க, பணத்த சொன்னா சில பேரு வாய மூடுவாங்க.

அப்பாவ மன்னிக்கணுமா? இத நான் உறுதியா சொல்றேன், உங்க வைத்தியத்துக்கு மன்னிப்பு ஒரு நிபந்தனையே இல்ல. அவருக்கு புண்ணு இருக்குன்னா மருந்துக்கு பணம் அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம், போய் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம், எதுவா இருந்தாலும் சொந்தக்காரங்க நச்சரிப்புக்காக செய்யாதீங்க. அவர் பாவமா இருக்காருங்கிறதும் அன்னிக்கு உங்கள அடிச்சாருங்கிறதும் ரெண்டும் உண்மை. ஒண்ணு வந்து இன்னொண்ண அழிக்கணும்னு யாராச்சும் சொன்னா, அந்த பேச்ச அங்கயே விட்டுட்டு எழுந்து வந்துடுங்க. அம்மா இன்னும் அவர் கூடத்தான் இருக்காங்கன்னா, இப்பவும் அடி இருக்கான்னு தனியா கேளுங்க, பெங்களூர்லயும் பெண்களுக்கான உதவி எண் 181 வேலை செய்யும்.

நான் அவர மாதிரி ஆயிடுவேனான்னு கேட்டீங்க. அடி வாங்கி வளந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அடிக்கிறவங்களா ஆகுறதில்ல. ஆனா கை ஓங்குனது ஓங்குனதுதான், அத சின்ன விஷயம்னு சொல்லி உங்கள சமாதானப்படுத்த மாட்டேன், அந்த பொண்ணு மூலைக்கு போய் உக்காந்தான்னா அவளுக்குள்ளயும் பழைய பயம் அப்படியே இருக்கு. இந்த வாரமே அவ கிட்ட பேசுங்க, போன்ல முடிஞ்சா போன்ல. “நீ பயந்தத நான் பார்த்தேன், அது என் தப்பு, நீ எதுவும் பண்ணல, நான் டாக்டர பார்க்க போறேன்.” அவ்வளவுதான். “ஆனா நீயும் அப்படி பேசி இருக்கக் கூடாது”ன்னு பின்னாடி ஒரு வால் சேர்க்காதீங்க, சேர்த்தா மன்னிப்பு கேட்டதே வீணாயிடும். அவ பதில் பேசலன்னா விட்டுடுங்க, உடனே சரின்னு சொல்லணும்னு எதிர்பார்க்கக் கூடாது. அடுத்த தடவ கோவம் ஏறுதுன்னா வீட்ட விட்டு வெளிய போங்க, ஆனா “வெளிய போறேன், அரை மணி நேரத்துல வந்துடுவேன்”னு சொல்லிட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு வாங்க. 3 வயசுல விட்டுட்டு போகப்பட்ட குழந்தை அது, அவளுக்கு யாராச்சும் பேசாம எழுந்து போறதும் ஒரு அடி மாதிரிதான் விழும்.

ஆயா கிட்ட சொல்லலாமான்னு கேட்டீங்க. சொல்லுங்க, ஆனா நோய் பேரு, ஸ்கோரு எல்லாம் வேணாம், அவங்களுக்கு பயம்தான் வரும். “ஆயா, எனக்கு தூக்கமே இல்ல, பழசு நெனப்பா வருது, ஆஸ்பத்திரில காட்ட போறேன்”னு சொல்லுங்க. உங்க அப்பா அவங்க பெத்த புள்ள, அத மறந்துடாதீங்க, அவர பத்தி பேச்சு வந்தா அவங்க அழலாம், சண்டைக்கும் வரலாம், இல்ல எல்லாம் தெரியும்டான்னு சொல்லலாம். அவங்க எப்படி எடுத்துக்கிட்டாலும் நீங்க ஓ.பி.க்கு போற நாள தள்ளிப் போடாதீங்க. ஷிப்ட் பார்த்து வர்ற வாரத்துல ஒரு நாள இன்னிக்கே குறிச்சுக்குங்க, கூட வர்றதுக்கு ஒரு பையன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. போயிட்டு வந்து எழுதுங்க. தங்கச்சிக்கு ஏதாவது கேக்கணும்னு தோணுச்சுன்னா அவளே எழுதட்டும், அண்ணன் வழியா வேணாம், அவளுக்கு தனியா பதில் எழுதுறேன்.